முபாரக் தொட்ட கிளட்ச்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் லைன்மேனாக இருந்த ராஜமாணிக்கத்துக்கு எதையும் சட்டென்று நம்புகிற பழக்கம் கிடையாது. பவர் ஹவுஸிலிருந்து போனில் "லைன் பந்த் கர் தியா", லைனை நிறுத்தியாயிற்று, என்று சொன்னாலும், லைனைத் தரையோடு சேர்க்கும் எர்த் கம்பியைத் தன் கையால் மாட்டிப் பார்க்காமல் கம்பத்தில் கால் வைக்க மாட்டான். கூட வேலை பார்க்கும் ஐயாவு கேலி பண்ணுவான்: "உன் சம்சாரம் சீனி போட்டுட்டேன்னு சொன்னாலும் நக்கிப் பார்த்துட்டுத்தானப்பா குடிப்ப?" ராஜமாணிக்கம் சிரிக்க மாட்டான். ஒரு மழைக்காலத்தில், நிறுத்திவிட்டதாகச் சொன்ன லைனில் அவன் எர்த் மாட்டியபோது படீரென்று பொறி பறந்தது. பவர் ஹவுஸ்காரர்கள் சொன்னது பொய்யில்லை. எவனோ கடைக்காரன் ஜெனரேட்டரை ஓட்டியதில் கரண்ட் பின்பக்கமாக லைனுக்குள் ஏறியிருந்தது. அன்றைக்கு நம்பிக் கை வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு சந்தேகப்படுவதை யார் குறையென்று சொன்னாலும் அவன் காதில் ஏறுவதில்லை.

அவன் அப்பா முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ரோடு போடும் வேலைக்குத் தீவுக்கு வந்தவர். போர்ட் பிளேரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ராஜமாணிக்கம், வேலை கிடைத்து லிட்டில் அந்தமானுக்கு வந்தபோது இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். அவனைப் போகவிடாமல் பிடித்து வைத்தது ஒரு டர்ட் பைக். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இறங்கிய பழைய வண்டி; ஒல்லியான உடம்பு, நெட்டைக் கால், முரட்டுப் பல் வைத்த டயர். கைவிடப்பட்ட பாமாயில் செம்பனைத் தோட்டத்துக்குள் சிவப்புச் சேறும் வேரும் நாலா என்கிற ஓடையுமாகக் கிடக்கும் பாதைகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓட்டுகிற சுகத்துக்காகவே மாற்றல் விண்ணப்பம் எழுதப்படாமல் போயிற்று.

அந்தப் பாதைகளில் அவனுக்கு ஜோடி முபாரக். ஜெட்டி பக்கத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தான். தொண்டிக்காரக் குடும்பம். இருவரும் ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜனவரியில் உள்ளூர் கிளப் நடத்தும் சேற்றுப் பந்தயத்தில் ஒரு வருஷம் இவன் ஜெயித்தால் மறுவருஷம் அவன். நண்பர்கள்தான். ஆனால் ராஜமாணிக்கத்தின் மனசில் ஒரு மூலை எப்போதும் விழித்துக்கொண்டே இருக்கும்: ஜெயிக்க ஆசைப்படுகிறவன் நமக்கு யோசனை சொன்னால், அதில் அவனுக்கு என்ன லாபம்?

முபாரக்குக்கு யோசனை சொல்லாமல் இருக்கவும் தெரியாது. "மாப்ள, கிளட்ச் லீவரை ஏன் இப்படி வானத்தைப் பார்த்து வச்சிருக்க? நின்னு ஓட்டும்போது உன் மணிக்கட்டு முறிஞ்சு நிக்குது பாரு. கீழ இறக்கு. ஒத்த விரல்ல பிடி. மூணு விரல் கைப்பிடியிலயே இருக்கட்டும், அப்பத்தான் வண்டி கையில நிக்கும்."

ராஜமாணிக்கம் நான்கு விரலையும் போட்டு இறுக்கிப் பிடிக்கிறவன். லீவரை ஹேண்டில்பாரில் பிடித்து நிறுத்தும் கிளாம்பை மின்கம்பத்துப் போல்ட் மாதிரி முறுக்கி வைத்திருப்பான். ஒற்றை விரலில் கிளட்ச் பிடிப்பது அவனுக்கு விளையாட்டுக் காரியமாகப் பட்டது. அதைவிட, இவன் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறான் என்பதுதான் அவனை அரித்தது. 'மாற்றினால் நான் பழகிக்கொள்ள ஒரு சீசன் போகும். அந்த சீசன் இவனுக்கு.' லீவரைத் தொடவேயில்லை.

போன மழை ஓய்ந்த சமயத்தில் கிளட்ச் கேபிள் பிரி பிரியாக நைந்துபோனது. வேறு வழியில்லாமல் வண்டியை முபாரக் கடையில் விட்டான். சாயங்காலம் போய் எடுத்தபோது புதுக் கேபிள் போட்டு, வண்டியைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தான் முபாரக்.

"கழுவுனது எதுக்கு?"

"சேறா இருந்துச்சு, கழுவுனேன். இதுக்கும் காரணம் வேணுமா உனக்கு?"

அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்த்தான். நாலாவைத் தாண்டி மேலே ஏறும் களிமண் மேட்டில் பாதிக் கிளட்ச்சில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் லீவர் கல்லாக இருந்தது. விரல்கள் அதை முழுக்க இழுக்க முடியாமல் பாதி வழியில் நின்றன. இஞ்சின் உதறிக்கொண்டு அணைந்தது. அடுத்த வாரம் அதைவிட மோசம். லீவர் கைப்பிடியிலிருந்து தள்ளிப் போய்விட்டது போலக்கூட இருந்தது.

கம்பத்தடியில் டீ குடிக்கும்போது ஐயாவுவிடம் சொன்னான். ஐயாவு டம்ளரை ஆற்றிக்கொண்டே, "ரேஸ் கிட்ட வருதுல்ல?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ராஜமாணிக்கத்துக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கே மனைவி உமா மகேஸ்வரியின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய் கிளாம்பும் ஹேண்டில்பாரும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான். கேபிள் முனையில் இருந்த நட்டுக்கும் ஒரு கோடு. யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வண்டியை வெளியே நிறுத்துவதையும் விட்டான். வராந்தாவில் ஏற்றிச் சங்கிலி போட்டான்.

"என் பாலிஷ வச்சு யாருக்கு மருதாணி போடுறீங்க?" என்றாள் உமா.

"வேலையிருக்கு, சும்மா இரு."

கோடு அப்படியே இருந்தது. லீவர் நாளுக்கு நாள் கனத்தது. ஆக, வெளியே எவனும் கை வைக்கவில்லை. அப்படியானால் கை வைத்தவன் உள்ளே வைத்திருக்கிறான். கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றிக் கடினமானதைப் போட்டிருக்கலாம். கேபிளே மட்டமான சரக்காக இருக்கலாம். கழுவித் துடைத்தது, கவர் திறந்த தடம் தெரியாமல் இருக்க. யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முபாரக் கடைப்பக்கம் போகும்போது அவன் கைகாட்டினால், இவனுக்கு அதில் ஒரு அவசரம் தெரியும். கைகாட்டாவிட்டால் அதில் ஒரு குற்ற உணர்ச்சி தெரியும்.

இதற்கு நடுவில் வேலையிலும் ஒரு சங்கடம். கம்பத்தின் மேல் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது கட்டிங் பிளேயர் கையைவிட்டு நழுவி, கீழே நின்ற ஐயாவுவின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. "கொல்லப் பாத்தியேய்யா!" என்று கத்தினான் ஐயாவு. பிளேயரின் ரப்பர் உறை தேய்ந்துவிட்டது என்று சொல்லி ராஜமாணிக்கம் வேறு பிளேயர் வாங்கிக்கொண்டான். அது புது ரகம். அதுவும் பிடிக்குச் சரியில்லை என்று தோன்றியது.

டிசம்பர் கடைசியில், பதினாறாம் கிலோமீட்டர் தாண்டி இருக்கும் நாலாவில் மோசமாக விழுந்தான். சரிவில் இறங்கும்போது கிளட்ச்சை இழுத்து, முன் பிரேக்கை மெல்லத் தடவி இறங்க வேண்டும். கிளட்ச் முழுக்க வரவில்லை. வண்டி உந்திக்கொண்டே போனது. பதறிப்போய் முன் பிரேக்கை நான்கு விரலாலும் ஒரே அமுக்காக அமுக்கினான். ஈரக் களிமண்ணில் அப்படி அமுக்கினால் முன்சக்கரம் நிற்காது, வழுக்கத்தான் செய்யும். வண்டி இடது பக்கம் சாய்ந்து, விழுந்துகிடந்த பனைமரத்தில் மோதியது. கிளாம்ப் இம்மி அசையவில்லை. அதனால் அடி முழுவதையும் லீவர் வாங்கி இரண்டாக ஒடிந்தது.

முழங்காலில் ரத்தத்தோடு, ஒடிந்த லீவரைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஜெட்டிக்குப் போனான். அன்று கப்பல் நாள். பெட்டி படுக்கையோடு ஜனம், கறிவேப்பிலைக் கட்டு இறக்கும் பெங்காலிக்காரர்கள், ஆட்டோக்கள். முபாரக் கடை வாசலில் நின்று பார்சல் எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, ரத்தம்? விழுந்திட்டியா?"

"விழ வச்சுட்டு விழுந்திட்டியான்னு கேக்கிறியா?" ராஜமாணிக்கம் ஒடிந்த துண்டை அவன் காலடியில் எறிந்தான். "கிளட்ச்சுக்குள்ள என்ன செஞ்ச? சொல்லு. ஜெயிக்கணும்னா கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேன். என்னைக் கொன்னுதான் ஜெயிக்கணுமா?"

ஜெட்டியில் பாதி சத்தம் அடங்கியது. "க்யா ஹுவா?" என்று யாரோ கேட்டார்கள். முபாரக் குனிந்து அந்தத் துண்டை எடுத்து முறிந்த வாயைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் ராஜமாணிக்கத்துக்கு நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"நான் கேபிள் போட்டேன். எண்ணெய் விட்டேன். வேற எதையும் தொடல," என்றான். "இனிமே தொடவும் மாட்டேன். அல்லா மேல ஆணை. உன் வண்டி மேல என் கை படாது. போ."

கப்பலிலிருந்து இறங்கியவர்கள் விலகி வழிவிட்டார்கள். ராஜமாணிக்கம் அந்த வழியில் நடந்து போனான். ஜெயித்தவன் நடை மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தான். முழங்கால் நொண்டியது.

போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் உமாவின் தம்பி பிரவீன்குமார் இருந்தான். அவனுக்குச் சொல்லி லீவர், கேபிள், கிளட்ச் ஸ்பிரிங் எல்லாம் சீல் உடையாத பெட்டியில் அனுப்பச் சொன்னான் ராஜமாணிக்கம். கடல் கொந்தளிப்பால் கப்பல் தள்ளிப் போய், பெட்டி பொங்கலுக்கு முந்தின வாரம்தான் வந்தது. வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். கவரைத் திறந்தான். உள்ளே பழைய ஸ்பிரிங், கம்பெனி ஸ்பிரிங், எண்ணெய் வாசத்தோடு அப்படியே இருந்தது. எவனும் மாற்றியிருக்கவில்லை. 'திரும்பப் பழையதையே போட்டிருப்பான்' என்று ஒரு யோசனை ஓடியது. வண்டி இவ்வளவு நாளும் சங்கிலியில் கிடந்ததே, எப்போது போட்டான்? அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்தான்.

எல்லாம் புதிதாக, எல்லாம் தன் கையால் பூட்டினான். எண்ணெய் விட்டான். எழுந்து நின்று லீவரை இழுத்தான்.

கல்.

இந்த வண்டியைத் தொட்டது அவன் மட்டும்தான். சந்தேகப்பட மிச்சம் இருந்தது பத்துபஸ்தி மச்சினன். அங்கேயும் மனசு போகத்தான் செய்தது; அவன் மட்ட சரக்கு வாங்கி அனுப்பிவிட்டானோ என்று.

"உமா, இங்க வா. இதை இழுத்துப் பாரு."

அவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் போட்டு லீவரை இழுத்தாள். அது கைப்பிடியைத் தொட்டுவிட்டு 'டிக்' என்று திரும்பியது. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு ஒரே விரலில்.

"லேசாத்தானே இருக்கு? இதுக்கா அந்த மனுசனை ஊர் முன்னால அசிங்கப்படுத்தினீங்க?"

"நீ நிக்கிற கோணம் வேற."

"சரி, நான் நின்ன இடத்துல வந்து நில்லுங்க."

நின்றான். இழுத்தான். பாதியில் நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். இடது கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது. அவனுடைய வலது கையை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். வலதில் மேடு இருந்தது.

"காலையில எழுந்ததும் இந்தக் கையை உதறுறீங்க. எத்தனை நாளா?"

"தூக்கத்துல கை அடியில மாட்டிக்குது."

"தினமுமா மாட்டுது? சட்டைப் பொத்தான் போட முடியாம ரெண்டு நாளா டீ-ஷர்ட்டுலயே போறீங்க. நிதா பாப்பா வயித்துல இருந்தப்ப எனக்கு இதே மாதிரி இருந்துச்சு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்துப்போகும், சுண்டு விரல் மட்டும் நல்லா இருக்கும். உங்களுக்கும் சுண்டு விரல் நல்லா இருக்குல்ல?"

இருந்தது. நிதா என்பது முபாரக் மகள் பெயர். முபாரக் வீட்டில் அந்தப் பிள்ளை பிறந்த அதே மாதம் உமாவின் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்துபோனதால், தான் கர்ப்பமாக இருந்த அந்தக் காலத்தைச் சொல்ல நேரும்போதெல்லாம் அவள் நிதாவின் பெயரையே சொல்லுவாள். அது அவர்களுக்குள் யாரும் திருத்தாத பேச்சு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஜெட்டியில் முபாரக் குனிந்து எடுத்த லீவர் துண்டு கண்முன் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கை சரியில்லை என்று ஆபீஸில் தெரிந்தால் கம்பத்திலிருந்து இறக்கிவிடுவார்கள், அந்த இடத்துக்கு ஐயாவு காத்திருக்கிறான் என்றான். உமா வண்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "மேல ஏறி, பாதியில கை விட்டுச்சுன்னா? அப்பவும் யாரோ வேணும்னு செஞ்சதும்பீங்களா?"

அந்த ஒரு வார்த்தை உள்ளே போயிற்று. நழுவிய பிளேயர் ஞாபகம் வந்தது.

லேடி டாக்டர் சின்னப் பெண். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி பிடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்திலேயே இடது விரல்களில் எறும்பு ஊர்ந்தது, பிறகு மரத்தது. மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெரிபடுகிறது என்றாள். பிளேயர் வேலை, வண்டியின் அதிர்வு, மணிக்கட்டை மடக்கியபடியே பலமாகப் பிடிப்பது, எல்லாம் சேர்ந்து வருவது. போர்ட் பிளேரில் நரம்புச் சோதனை பண்ணி, சின்ன ஆபரேஷன்.

"மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கிறதுன்னா எப்படி?" என்று கேட்டான்.

அவள் தன் கையைப் பின்பக்கமாக மடித்துக் காட்டினாள். அது அச்சு அசலாக, கால்மிதியில் எழுந்து நின்று அவன் கிளட்ச் பிடிக்கும் கை.

ஆபரேஷன் நடந்தது. பத்துபஸ்தியில் மச்சினன் வீட்டில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தான். கூரையை உரசுவது போல் விமானங்கள் இறங்கின. பிரவீன்குமார் இவனை விழுந்து விழுந்து கவனித்தான். அவன்மேல் சந்தேகப்பட்டது அவனுக்குத் தெரியாது என்பது ஒரு ஆறுதல், தனக்குத் தெரியும் என்பது ஒரு வேதனை. பந்தயத்தில் முபாரக் ஜெயித்ததை ஐயாவு போனில் சொன்னான். "ஆளு கோப்பையை வாங்கிட்டு ஒரு வார்த்தை பேசல. நேரா வீட்டுக்குப் போயிட்டான். அப்புறம், உன் இடத்துல என்னை ஏறச் சொல்றாங்க. எனக்கு முட்டி வலிக்குது, நீ சீக்கிரம் வந்து சேரு."

ஹட் பேக்குத் திரும்பியதும் பவர் ஹவுஸில் லேசான வேலை கொடுத்தார்கள். முபாரக் கடைக்குப் போக அவனுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கூட்டமில்லாத நேரமாகப் போகலாம் என்று நினைத்தான். பிறகு, ஊர் பார்க்கச் சொன்னதை ஊர் பார்க்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று பட்டது. கப்பல் நாளிலேயே போனான்.

"மாப்ள," என்றான் கடை வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி. "வண்டியில ஒண்ணும் இல்ல. என் கைதான் கெட்டுக் கிடந்துச்சு. நீ சொன்னதைக் கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் சொன்னது தப்பு."

முபாரக் தலையை நிமிர்த்தாமல் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான். "கை எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. பொத்தான் போடுறேன்."

"சரி." பார்சல் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல மாணிக்கம். கொல்லப் பார்த்தேன்னு சொன்னே," என்றான். மாப்ள என்று சொல்லவில்லை. ராஜமாணிக்கம் அதைக் கவனித்தான். எதையும் கவனிக்காமல் விடுகிறவன் இல்லையே அவன்.

ஏப்ரலில், மழைக்கு முன்னால், டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றதும் அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றான். முபாரக் வெளியே வந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆணை ஆணைதான். ஸ்பேனரை ராஜமாணிக்கமே பிடித்தான்.

"ஏறி நில்லு. உட்காராத, ஓட்டுற மாதிரி நில்லு. முழங்கையைத் தூக்கு. இப்ப உன் கை தோள்ல இருந்து எந்தச் சாய்வுல இறங்குதோ, அதே சாய்வுல லீவர் இறங்கணும். இன்னும் கீழ. இன்னும். போதும். கிளாம்பை உள்பக்கம் தள்ளு, ஆள்காட்டி விரல் லீவரோட நுனியில உட்காரணும். நுனியிலதான் பாரம் குறைவு. லீவர்ல இருக்கிற திருகாணியைத் திருப்பி, லீவரைக் கைக்குக் கிட்ட கொண்டா."

"டைட் பண்ணவா?"

"உன் டைட் இல்ல. விரலால தள்ளினா அசையக் கூடாது, விழுந்து அடிபட்டா சுத்திக்கணும். அப்பத்தான் ஒடியாது. கேபிள்ல ஒரு காசு கனத்துக்கு லூஸ் விடு. பிரேக்கும் அதே உயரம், அதே ஒத்த விரல். பிடுங்காத, பழம் அமுக்கிப் பாக்கிற மாதிரி அமுக்கு."

ராஜமாணிக்கம் ஒற்றை விரலைப் போட்டு இழுத்தான். வந்தது. தையல் போட்ட இடம் லேசாக இழுத்தது, ஆனால் கிளட்ச் முழுக்க வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

அவன் மறுபடி கம்பம் ஏறினான். எர்த் கம்பி மாட்டாமல் இன்றைக்கும் ஏறுவதில்லை. முபாரக்கோடு ஞாயிற்றுக்கிழமைகளும் திரும்பி வந்தன, ஆனால் முழுக்கப் பழையபடி இல்லை. முபாரக் சில நேரம் பேச்சை நடுவில் நிறுத்தி, இவன் எப்படி எடுத்துக்கொள்வானோ என்று பார்ப்பான். அந்த நிறுத்தம் தன்னால் வந்தது என்று ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். அடுத்த ஜனவரிப் பந்தயத்தில் இருவரும் ஓடினார்கள். களிமண் மேட்டில் ஒருவர் வழியை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்க, ரவீந்திர நகர் பெங்காலி ஒருவன் ஓரமாகப் புகுந்து போய்க் கோப்பையை வாங்கிவிட்டான். யார் யாரை மறித்தது என்று ஹட் பே வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"நீதான்டா மாப்ள குறுக்க வந்த," என்றான் முபாரக்.